கொம்புக்காரர்களின் பாதிக் கப்பல்

அந்தப் புத்தகங்களுக்கு அம்மா வைத்த பெயர் எமன் புத்தகம். அட்டையில் இருந்தவர்களின் தலையில் கொம்பு இருந்ததுதான் காரணம். அவர்கள் எங்கோ குளிர் நாட்டில் இருப்பவர்கள், வைக்கிங் என்று பெயர், கப்பலில் போய்க் கொள்ளையடிப்பவர்கள், அந்தக் கொம்பு தலையில் முளைத்ததில்லை, இரும்புத் தொப்பியில் வைத்தது என்று நான் விளக்கம் சொல்வேன்.

"கொள்ளையடிக்கிறவனுங்க வேறயா?" என்பாள் அம்மா. "கொம்பு வெச்ச ஆளு வீட்டுக்குள்ள வேணாம்னு சொன்னா கேக்கறியா? வெளிய வெச்சிட்டு வா."

வெளியே வைக்க முடியாது. அவை என் புத்தகங்கள் அல்ல, அப்பாவுடையவை. ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த வாடகைப் புத்தகக் கடையில் அவரே போய் எடுத்து வருவார். மங்கலான காகிதத்தில் கறுப்பு வெள்ளைப் படங்கள். பேச்சைப் படத்துக்குள் முட்டை போட்டு எழுதியிருப்பார்கள். ஒரு புத்தகத்தை மட்டும் கடைக்காரரிடம் கெஞ்சி விலைக்கே வாங்கிவிட்டார். நடுத்தாளின் கம்பி கழன்று போனபோது பாவு நூலால் தைத்து வைத்திருந்தார்.

அப்பா பட்டுப் புடவைக் கரைகளுக்கு டிசைன் வரைபவர். சிறு சிறு கட்டமாக அச்சிட்ட பெரிய தாளில், ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று கணக்கு வைத்து, சிவப்புப் பென்சிலால் நிரப்பிக்கொண்டே போவார். அதைப் பார்த்து கனமான அட்டைகளில் துளை போட்டு, அட்டைகளை ஒன்றோடொன்று கோத்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். நெசவாளர் மிதிக்க மிதிக்க அட்டை ஒவ்வொன்றாகத் திரும்பும். துளை இருக்கும் இடத்தில் இழை எழும்பும், சரிகை ஏறும். எங்கள் வீட்டில் தறி இல்லை. தாள், பென்சில், துளை போடும் கருவி, அப்பாவின் பயம், இவ்வளவுதான்.

எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் உண்டு. பாலிடெக்னிக்கில் படித்து, இப்போது ஓர் அலுவலகத்தில் இயந்திரப் பாகங்களுக்குப் படம் வரைகிறேன். ஆனால் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. அப்பா பயந்தவற்றை அந்த வயதிலேயே மனதுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தேன். முதலாளியின் புல்லட் சத்தம். தாள் நமுத்துப்போகும் மழைக்காலம். வரையும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பவர்கள். பல்லி. தெருவில் தறிச் சத்தம் திடீரென்று நின்றுபோவது. "உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று யாராவது ஆரம்பிப்பது.

இவற்றில் முதலாவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் மூலம். முதலாளி என்றால், தறிக்காரர்களுக்கு நீள இழையான பாவும் சரிகையும் கொடுத்து நெய்து வாங்குபவர். அப்பாவுக்கு வேலை கொடுத்தது அவர் ஒருவர்தான். அப்பாவுக்கு முன்னால் அவரிடம் டிசைன் போட்டவர் ஒரு கல்யாணப் புடவையில் மயிலின் அலகைக் கோணலாக விட்டுவிட்டார். புடவையைப் பார்த்த பெண் வீட்டார் அலகு உடைந்த மயில் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் அவருக்கு ஒருவரும் ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை. களம்பூர் அரிசி மில்லில் மூட்டைகளுக்கு மையால் குறி போட்டுக்கொண்டிருந்தார். பஸ் களம்பூரைத் தாண்டும்போதெல்லாம் அப்பா மில் இருக்கும் பக்கம் பார்க்காமல் மறுபக்கம் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் அந்தக் கொம்புக்காரர்களைப் படிக்கும்போது சிரிப்பார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கும். எங்களுக்கு மிகவும் பிடித்த கதையில் அவர்கள் வாளும் கோடாலியுமாக ஓர் ஊரில் பாய்ந்து இறங்குவார்கள். கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சும்மாத்தானே நிற்கிறாய், இந்த முனையைப் பிடி" என்று ஈரப் போர்வையின் ஒரு முனையைத் தலைவன் கையில் கொடுப்பாள். முறுக்கிப் பிழிந்தால் அடுத்தது. அதற்கடுத்தது. ஊரே துணியைக் கொண்டுவந்து கொட்டும். பொழுது சாயும்போது கொம்புக்காரர்கள் கை வலியோடு கப்பலேறி, எதற்காக வந்தோம் என்பதையே மறந்து வீடு போவார்கள். சாயம் போட்ட பட்டு நூலைப் பிழிபவர்களைத் தினமும் பார்க்கும் ஊர் எங்களுடையது. அந்தத் தலைவன் முகத்தில் இருந்த களைப்பு எங்களுக்கு நன்றாகத் தெரிந்த களைப்பு.

இன்னொரு கதையில் கப்பல் நகரவே நகராது. அந்தக் கப்பலுக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி வளைந்து மேலே எழும்பும். முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாமல் பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் துடுப்புப் போடுவார்கள். வழி தெரியும் என்று சொன்னவனுக்கு வழி தெரியாது. அதை ஒப்புக்கொள்ளவும் அவனுக்குப் பயம். அதனால் எப்போதும் தவறான ஊரில் போய் இறங்குவார்கள். இடி இடித்தால் கேடயத்துக்கு அடியில் ஒளிந்துகொள்வார்கள். கப்பலில் வளரும் வாத்து கத்தினால் நடுங்குவார்கள்.

ஊரையே நடுங்க வைக்கும் ஆட்கள் தாங்களும் நடுங்குகிறார்கள். அந்தப் புத்தகங்களின் ருசியே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. கொம்பும் தாடியும் பெரிதாக இருக்க இருக்க உள்ளே இருப்பவனின் பயம் வேடிக்கையாகிறது. அப்பா அதைப் படித்த நேரத்தில் முதலாளிக்கும் ஒரு வாத்து இருக்கும் என்று நம்பியிருப்பார்.

முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஊர் எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டு. முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியது. அதைத் தன் தறியில் நெய்து தருவதாக முதலாளி பேசி வாங்கியிருந்தார். அப்பாவைக் கூப்பிட்டு, இதுவரை எந்தக் கடையிலும் வராத கரை வேண்டும் என்றார்.

அப்பா மாங்காய் போட்டார், ருத்திராட்சம் போட்டார், அன்னம் போட்டார். எல்லாம் ஏற்கெனவே யாரோ போட்டது. தாள்கள் கிழிந்தன. பிறகு ஒரு மத்தியானம் அந்தத் தைத்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். படத்தில் இருந்த ஆட்களை விட்டுவிட்டார். அம்மா சொல்லும் கொம்பு அவருக்குள்ளும் உறுத்தியிருக்கும். பாய்மரத்தை விட்டார், துடுப்புகளை விட்டார். கப்பலை மட்டும் எடுத்தார். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் பாதியை வரைந்தால் போதும். நடுவில் தொடங்கி, ஒரு வட்டக் கேடயம், வளைந்து எழும்பும் முனை, அதன் நுனியில் அன்னத்தின் அலகு. அட்டைகளை முன்பக்கமாக ஓட்டினால் பாதிக் கப்பல் விழும். அதே அட்டைகளைத் திருப்பி ஓட்டினால் மறுபாதி விழும். அட்டையும் மிச்சம், வேலையும் மிச்சம். தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

தாளை முதலாளியிடம் காட்டப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். குழந்தை பக்கத்தில் இருந்தால் திட்டு குறையும் என்று ஒரு நம்பிக்கை.

முதலாளி தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னாய்யா இது, அன்னமா?"

"படகுங்க மொதலாளி. அன்ன மொகம் வெச்ச படகு. பாதி தான் போட்டுகீறேன், திருப்பி ஓட்டனா முழுசா வந்துடும்ங்க."

"படகா? எம் பொண்ணு சேத்துப்பட்டுக்கு பஸ்ல போவப் போவுது, நீ இன்னா கப்பல்ல அனுப்பறியா?" சிரித்தார். அவர் சிரித்தபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரும் போடல இல்ல?"

"யாரும் போடலைங்க."

"அப்ப ஜல்தியா ஏத்து. பாவு ரெடியா கீது."

முள்ளிப்பட்டில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் பாவு போனது. அரக்குச் சிவப்பு. முகூர்த்தப் புடவை தறியில் ஏறும்போது கற்பூரம் காட்டி, பாவின் தலைப்பில் மஞ்சள் தடவித்தான் தொடங்குவார்கள். தொடங்கிய பிறகு குறுக்கே போட்ட ஊடை நூலை உருவக் கூடாது. மற்றப் புடவையில் தப்பு விழுந்தால் உருவிவிட்டுத் திருப்பி நெய்யலாம். இதில் உருவினால் கட்டப் போகும் பெண்ணின் வாழ்க்கையை உருவுவதாகச் சொல்வார்கள். தப்போ சரியோ, விழுந்தது விழுந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து முள்ளிப்பட்டுக்குப் போனேன். இடுப்பில் செருகும் உள்முனையில் தொடங்கி முந்தானையில் முடிப்பது அந்தத் தறியின் வழக்கம். நாங்கள் போனபோது உள்முனை கொஞ்சம் நெய்து முடிந்திருந்தது. நெசவாளர் தறிக் குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தறிக்குப் பக்கவாட்டில் ராட்டையை வைத்து, ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

தறிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கரையின் உருவங்கள் படுத்த மாதிரி தெரியும். பக்கவாட்டில் நிற்பவருக்குத்தான் நிமிர்ந்து தெரியும். நான் பக்கவாட்டில் போய் நின்றேன்.

கப்பல் இல்லை. மேல்நோக்கி வளைந்த இரண்டு முனைகளும் இரண்டு கொம்புகளாக இருந்தன. இரண்டு கேடயங்கள் இரண்டு கண்கள். அடிப்பாகம் கீழே குவிந்து மூக்கும் வாயுமாக இறங்கியது. எருமைத் தலை. அது ஒன்றல்ல, கரை நெடுக வரிசையாக, அரக்குச் சிவப்பில் தங்கக் கண்ணோடு என்னைப் பார்த்தன.

அம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் காதில் வந்து நின்றது. எமனுக்கு வாகனம் எது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

நெசவாளரின் மனைவிதான் ராட்டையை நிறுத்தினார். "அண்ணா, கோச்சிக்காதீங்க. இது இன்னா மொகம்?"

"மொகமா? படகுமா அது" என்றார் அப்பா.

"படகா? நானும் இங்க ஒக்காந்து தார் சுத்திகினே பாக்கறேன், அது என்னியே மொறச்சிகினு கீது."

"இவளுக்கு வேற வேல இல்லண்ணா" என்றார் நெசவாளர். "தாரப் பாருடின்னா கரையப் பாக்கறா. அப்பறம் நூலு அறுந்துச்சின்னா தறி சரியில்லம்பா."

"நீ எழுந்து இப்டி வந்து பாரேன். குழிக்குள்ளயே கீற, உனுக்கு இன்னா தெரியும்?"

அப்பா பக்கவாட்டில் வந்து என் பக்கத்தில் நின்றார். அவருக்கு உடனே தெரியவில்லை. அவர் மனதில் கப்பல் இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் கப்பல் போய் எருமை வந்ததைப் பார்த்தேன்.

நெசவாளரும் குழியை விட்டு எழுந்து வந்தார். வந்தவர் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது என்பது எனக்குப் பிற்பாடு டிராயிங் படித்தபோது தெளிவாகப் புரிந்தது. சமச்சீரான உருவத்துக்குப் பாதியை வரைந்து நடுக்கோடு போட்டால் போதும் என்றுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பாதியை மட்டுமே பார்த்த கண்ணுக்கு முழுசு எப்படி இருக்கும் என்று தெரியாது. அதோடு அந்த நெசவாளர் ஒவ்வோர் ஊடையையும் கெட்டியாக அடித்து நெருக்குகிறவர். முகூர்த்தப் புடவை என்று இன்னும் கெட்டியாக அடித்திருந்தார். நீளமாக விழ வேண்டிய கப்பல் நெருங்கி, குறுகி, முகமாகிவிட்டது. நல்ல வேலையால் வந்த வினை.

"உருவிடலாமாண்ணா?" என்றார் நெசவாளர் மெதுவாக.

"முகூர்த்தப் பொடவைய உருவறதா? வாயக் கழுவு" என்றார் மனைவி. பிறகு அவரே, "மொதலாளி பாத்தா உன் தறியும் போச்சி, அண்ணன் பென்சிலும் போச்சி" என்றார்.

"அது மாடும்மா. பசு மாடு. லச்சுமி" என்றார் நெசவாளர், தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல.

"பசு மாட்டுக்கு இவ்ளோ பெரிய கொம்பா? நம்ம ஊரு பசுவ நீ பாத்ததே இல்லியா?"

அப்பா அண்ணாந்து பெட்டியில் தொங்கிய அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். களம்பூர் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு சொன்னார்: "திருப்பி ஓட்டாதே."

"இன்னாண்ணா?"

"இங்க இருந்து அட்டைய திருப்பி ஓட்டாதே. முன்னாலயே ஓட்டிகினு போ. பாதி, பாதி, பாதின்னு வரட்டும். கொம்பு ஒண்ணு தான் வரும். ஒரு கொம்பு வந்தா மொகம் வராது."

நடுப்பக்கத்து அட்டைகள் சிலவற்றைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கி, இரண்டு பாதிகள் ஒட்டும் இடத்தில் இருந்த துளைகளைக் காகிதம் ஒட்டி மூடினார். நான் காகிதத்தைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். நெசவாளர் மறுபடி குழிக்குள் இறங்கி மிதித்தார். முதல் பாதிக் கப்பல் முழுதாக விழுந்ததும் நான்கு பேரும் பக்கவாட்டில் நின்று பார்த்தோம். அன்னம் ஒன்று கழுத்தை உயர்த்திக்கொண்டு ஒரு பக்கமாகப் போவது போல இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"இதுக்கு முன்னால நெஞ்சதெல்லாம்?" என்றார் நெசவாளர்.

"உள்ள சொருவற பக்கம் தான். மடிப்புக்குள்ள போயிடும். யாரு பாக்கப் போறாங்க?" அப்பா சொன்ன விதத்தில் அது கேள்வியாகவே இருந்தது.

நெசவாளரின் மனைவி ராட்டையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தறியின் மறுபக்கம் வைத்தார். "நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேண்ணா. ஆனா அந்தாண்ட ஒக்காந்து தார் சுத்த மட்டும் சொல்லாதீங்க."

வீட்டில் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா. சொல்லியிருந்தால் அம்மா அந்தப் புத்தகத்தை அடுப்பில் போட்டுவிட்டு முதலாளி வீட்டுக்கே போய் அழுதிருப்பாள். அப்பா புத்தகத்தைப் பரண் மேல் போட்டார். அதன் பிறகு அவர் பயந்தவற்றின் வரிசையில் புதிதாகச் சேர்ந்தவை: முதலாளி வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வருவது, சேத்துப்பட்டுப் பக்கம் பஸ் கவிழ்ந்த செய்தி, வழியில் எதிர்ப்படும் எருமை. எங்கள் ஊரில் எருமை எதிர்ப்படாத வழி கிடையாது. முதலாளி வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் என்று யாரோ சொன்ன அன்று அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு, அவர்கள் தெருமுனையில் போய் நின்றாராம். அந்தம்மா மொட்டை மாடியில் வடகம் காயப் போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பி வந்தார்.

புடவை முடிந்தது. முதலாளி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பார்வை நடந்தது. நெசவாளரும் அப்பாவும் சுவரோரமாக நின்றார்கள். நான் அப்பாவுக்குப் பின்னால். முதலாளியின் பழக்கம் எங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் முந்தானையை முதலில் பார்ப்பார்கள். அவர் உள்முனையில் தொடங்கி இழை இழையாகத் தடவிக்கொண்டே முந்தானைக்குப் போவார்.

மடிப்பைப் பிரித்தார். உள்முனை மேலாக வந்தது. முதல் முகம் எனக்கே தெரிந்தது. அப்பாவின் சட்டை முதுகில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

அப்போது கல்யாணப் பெண் வந்து பாயில் உட்கார்ந்தாள். "இரு நைனா, நான் பாக்கறேன்" என்று உள்முனையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் பார்வை என் மேல் வந்தது. எனக்கு ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"எப்டிமா கீது?" என்றார் முதலாளி.

உள்முனையைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு, "முந்தானைய விரிச்சிக் காட்டு நைனா" என்றாள்.

முதலாளி விரித்தார். அன்னங்கள் வரிசையாக ஒரே திசையில் போயின. "படகுன்னியே, அன்னம் மாதிரி தான கீது" என்றார்.

"அன்னப்படகுங்க" என்றார் அப்பா.

"நல்லா கீது போ" என்றார் முதலாளி. நாங்கள் தெருவுக்கு வந்த பிறகு நெசவாளர் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்தே விட்டார். "அந்தப் பொண்ணு பாத்துட்சிண்ணா" என்றார். "ஏன் சொல்லல? கல்யாணத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்றதுக்கா?"

ஆகவே கல்யாணத்துக்கு நாங்கள் போனது விருந்துக்குப் போன மாதிரி இல்லை. அப்பா கூட்டத்தின் கடைசியில், வெளியே போக வழி இருக்கும் இடமாகப் பார்த்து நின்றார். பெண் அந்த முகூர்த்தப் புடவைக்கு மாறிக்கொண்டிருந்த அறைக்குப் பூ கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி யாரோ என் கையில் தட்டைத் திணித்தார்கள்.

அறையில் இருந்த பெண்கள் அவசரமாக வெளியே போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஏ பொண்ணே, டிசைன்காரர் பொண்ணு தான நீ? இங்க வா."

போனேன்.

கல்யாணப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அது கொம்புக்காரனுங்க கப்பல் தான?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"துணி பிழியச் சொல்லி மாட்டி வுடுவாங்களே, அந்தப் புக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கப்பல். எங்க வீட்டு வேலைக்காரம்மாவ அனுப்பி பஸ் ஸ்டாண்டு கடைல வாங்கிப் படிப்பேன். எங்க நைனாவுக்குத் தெரியாது. மடியில போட்டதும் தெரிஞ்சிட்சி, சிரிப்பு வந்துட்சி. நைனா பாத்தா இன்னாடி சிரிப்புன்னு கேப்பாருன்னு சுருட்டிக்கினேன்."

"கப்பலா தெரிஞ்சிதா?" என்றேன்.

"வேற இன்னாவா தெரியும்?" என்றாள். "ஏன் நடுவுல பாதியா வெட்டிட்டாரு உங்கப்பா? எனுக்கு முழுசு தான் புடிச்சிருந்தது."

அவள் இடுப்பில் செருகியிருந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினாள். "இங்க உள்ள கீது, அத்தினி கப்பலும்." பிறகு முகம் மாறியது. கண்ணில் மை கலைந்துவிடாமல் மேலே பார்த்துக்கொண்டாள். "அவனுங்க எப்பவும் தப்பான ஊருல போயி எறங்குவானுங்க இல்ல? அத நெனச்சா தான் பேஜாரா கீது. அந்த வீட்ல ஒருத்தர் மூஞ்சியும் எனுக்கு சரியா ஞாபகம் இல்ல."

வெளியே மேளம் வேகம் பிடித்தது. அவளைக் கூப்பிட்டுப் போனார்கள்.

திரும்பும் வழியில் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிதிப்பதை நிறுத்தினார். சைக்கிள் தானாக ஓடியது.

"அவங்க அப்பாகிட்ட சொல்லிடுமா?"

"சொல்லாதுப்பா. புக்கு படிக்கிறதே அவருக்குத் தெரியாதாம்."

கொஞ்ச தூரம் போன பிறகு, "சேத்துப்பட்டு நல்ல எடம் தான?" என்றார். அன்றிலிருந்து அவருடைய வரிசையில் அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். சேத்துப்பட்டிலிருந்து யார் வந்தாலும் சுற்றி வளைத்து அந்த வீட்டைப் பற்றி விசாரிப்பார். நன்றாக இருக்கிறாள் என்று பதில் வந்தாலும், சொன்னவர் எப்படிச் சொன்னார், சொல்லும்போது எங்கே பார்த்தார் என்று என்னிடம் கேட்பார்.

அவள் தலைப்பிரசவத்துக்கு ஆரணி வந்து, பெண் குழந்தை பிறந்து, இரண்டு பேரும் நலமாகத் திரும்பிப் போன பிறகுதான் அப்பா பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினார். இறக்கினாரே தவிரப் பிரிக்கவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து புல்லட் சத்தம் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. முதலாளி எங்கள் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. அம்மா நாற்காலியைத் துடைத்தாள். அவர் உட்காரவில்லை.

"யோவ், எம் பொண்ணு சேத்துப்பட்டுல இருந்து சொல்லி அனுப்பிச்சிகீது. நாத்தனாருக்கு ஒரு பொடவ வேணுமாம். அதே கரை. ஆனா பாதியா போடக் கூடாதாம், முழுசா போடணுமாம். உள்பக்கம் ஏதோ முழுப் படகு கீதாமே? நான் பாக்கவே இல்லியே?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றது நான்.

"அப்ப அப்டியே போடு. கரை முழுக்க." புல்லட் கிளம்பிப் போனது.

அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். போட்டால் ஒரு புடவை நெடுக எருமைத் தலை. போடாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் முதல் புடவையைப் பிரித்துப் பார்ப்பார்கள். நெசவாளரை மெதுவாக அடிக்கச் சொல்லலாம், முனையைத் தாழ்த்தி வரையலாம் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்து, சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பழைய தாளை விரித்தார். பாதிக் கப்பலின் நடுக்கோட்டில் கண்ணாடியை நிமிர்த்தி வைத்தார். தாளில் ஒரு பாதி, கண்ணாடியில் மறுபாதி. முழுசு தெரிந்தது. அட்டை போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை இப்படி வைத்துப் பார்த்திருக்கலாம். இன்றும் என் மேஜை இழுப்பறையில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது.

எனக்கு இரண்டு கொம்பும் இரண்டு கண்ணும்தான் தெரிந்தன. அவருக்கும் அதுதான் தெரிந்திருக்கும்.

"இந்தா, இங்க வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். கொம்புக்கு ஊரிலேயே அதிகம் பயப்படுபவள் அவள். "இதுல இன்னா தெரியுது, சொல்லு."

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து குனிந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

"கப்பல் தான?" என்றாள். "ரெண்டு பக்கமும் அன்னம் வெச்ச கப்பல். அழகா தான கீது. அதுக்கு ஏன் மூஞ்சி இப்டி வெச்சிகினு ஒக்காந்து கீறீங்க?"

நன்றாகப் பார் என்று சொல்ல அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டு, புதுத் தாளை விரித்து, சிவப்புப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.